ஒரு கேள்வி கேட்கப் போன பதினெட்டுப் பேர்

ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் போதும். இருபத்தெட்டு வயது வரை எனக்கு அது தெரியாது. (வேறெதுவும் தெரியாது என்பது தனிக்கதை.)

எழுபதுகளில் மலையாள நாட்டு மலையில், பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்கு வேலை. அப்பா வேலைக்காட்டில் விழுந்தார், எழவில்லை. இரண்டு வருடம் கழித்து அண்ணனும் அப்படியே. பிறகு தங்கச்சி செல்வி மேடு ஏறும்போது மயங்கி விழுந்தாள். அவளுக்கு மூச்சு இருந்தது; தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எஸ்டேட் கம்பவுண்டர் சொன்னார்: "இது உங்க பரம்பரையில வர்ற நெஞ்சுக் கோளாறு. குடும்பத்தையே சோதிச்சுப் பாக்குற பெரிய டாக்டர் இருப்பாரு. எங்கேன்னு டவுன்ல சுகாதார ஆபீஸ்ல கேளு."

எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரும் ஆபீசுக்குத் தனியாகப் போன வழக்கமில்லை. கூலி கேட்டாலும் கும்பல், கம்பளி கேட்டாலும் கும்பல். செல்வி, நான், சொந்தக்காரர்கள் என்று பதினெட்டுப் பேர் லாரியில் ஏறினோம். மாமா மகன் மாரிமுத்து யூனியன் கொடியோடு வந்தான்.

"ஏலே, கொடி எதுக்கு?"

"டவுனுக்குல்லா போறோம்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது.

போய் ஆபீஸ் வாசலை அடைத்து உட்கார்ந்தோம். குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "எந்தா வேண்டது?"

"பதில் சொல்லாம ஒருத்தரும் நகர மாட்டோம்" என்றேன். கேள்வியைச் சொல்லவில்லை. அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து ஜன்னல் வழியாக முத்திரை குத்திய தாள் ஒன்று வந்தது. மாரிமுத்து மலையாளம் படிப்பான். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் நியாயமானவை, மேலிடத்துக்கு அனுப்பப்படும் என்று இருந்தது. என்ன கோரிக்கை என்று ஒரு பயலும் கேட்கவில்லை. அந்த ஆபீசுக்கு ஏற்ற ஆள் நான். "ஜெயிச்சுட்டோம்" என்று கை தட்டினேன்.

அப்போதுதான் செல்வி கட்டடத்தின் பின்பக்கமிருந்து மெல்ல நடந்து வந்தாள்.

"எங்கட்டி போன?"

"பின்வாசல்ல பியூன் டீ குடிச்சுட்டு இருந்தாரு. கேட்டேன். மெடிக்கல் காலேஜ்ல வியாழக்கிழமை பாப்பாங்களாம். குடும்பத்தோட வரச் சொன்னாரு."

"தனியாவா கேட்ட?"

"அவரும் தனியாத்தானே இருந்தாரு."

வியாழக்கிழமை போனோம். அவளுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இருவரும் நரைத்துவிட்டோம்.

இன்றைக்கும் நான் தீப்பெட்டி வாங்கக் கிளம்பினால் செல்வி கேட்பாள்: "எத்தன பேருண்ணே போறீங்க?"

பேரப்பிள்ளைகள் சிரிக்கும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோபம் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.