கரடிக் காசு

கை குலுக்கிவிட்டு விலக்கியபோது ஜெயரத்தினத்தின் உள்ளங்கையில் ஒரு காசு இருந்தது.

கொடுத்தவர் வெள்ளைத் தாடி வைத்த நோர்வேக்காரக் கிழவர். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியவரில்லை. ஒஸ்லோவில் ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் கோப்பிக் கடையில், ஜன்னலோரத்து நீள மேசையில், நான்கு கூட்டாளிகளோடு செவ்வாய்தோறும் உட்கார்ந்திருப்பவர். ஜெயரத்தினமோ சுவரோரத்து ஒற்றை மேசையில் உட்கார்ந்து அந்த நீள மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இருவருக்கும் இடையே அவ்வளவுதான் உறவு.

அன்றைக்கென்று சித்திரை வருடப் பிறப்பு. மனைவி போய்ச் சேர்ந்தபின் ஜெயரத்தினத்துக்கு வருடங்கள் பிறப்பதும் ஒன்றுதான், பிறக்காமல் விடுவதும் ஒன்றுதான். ஒரே மகள் ஆரணி நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் எரிவாயு ஆலையில் பொறியியலாளர். காலையில் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி, "வேலைக்கு நேரமாச்சு அப்பா" என்று வைத்துவிட்டாள். பியோர்ண்டால் வீட்டில் தனியாகப் பொங்கி, தனக்குத் தானே பரிமாறி, "போதும், போதும்" என்று தானே சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார் மனிதர்.

அப்படிப்பட்ட நாளில் பெரியவர் ஒருவர் கைக்குள் காசை வைத்தால் யாழ்ப்பாணத்தானுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். கைவிசேடம், வருடப் பிறப்பன்று பெரியவர்கள் ஆசீர்வதித்துக் கொடுக்கும் காசு! பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய வயதில் தனக்கும் ஒருவர் கைவிசேடம் தருகிறாரே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று குனிந்து கிழவரின் காலைத் தொடப் போனார். காசு விழுந்துவிட்டதென்று நினைத்துக் கிழவரும் குனிந்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

"விழுந்திட்டுதோ?" என்றார் கிழவர், நெற்றியைத் தடவியபடி.

"இல்லை, இல்லை. கையிலைதான் இருக்கு."

"நான் தோர்மூட். வாரும், எங்களோடை இரும்."

கிழவர் பேசியது நோர்வே மொழிதான். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்த மொழி ஜெயரத்தினத்தின் காதுக்குள் நுழைந்ததும் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அவருக்குக் கேட்டபடியே இங்கும் எழுதியிருக்கிறது.

நீள மேசையில் இடம் பண்ணிக் கொடுத்தார்கள். கடைக்காரப் பெண் மேரின், கேட்காமலே அவர் கோப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே வைத்தாள். கம்பளித் தொப்பி போட்ட ஏகில் என்ற கிழவர் பேச்சைத் தொடங்கினார்.

"உங்கடை நாட்டிலை சண்டை நடந்ததெல்லோ?"

"ஓம். சண்டை தொடங்கினவுடனை வெளிக்கிட்டனான்."

ஊரை விட்டு வெளிக்கிட்டதைத்தான் சொன்னார். ஆனால் சண்டைக்கும் மனிதர் வெளிக்கிடுவதுண்டு என்பது அவருக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

"பிறகு என்ன செய்தனீர்?"

"பிறகு நெடுகக் கத்தி வேலை. தலை வெட்டிறது."

ஏகில் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"தலையோ?" என்றார் ஏகில்.

"ஓம். காலமை தொடங்கினால் பொழுதுபட்டாலும் முடியாது. முழங்கை மட்டும் ரத்தம். முதல் கிழமை சோறு இறங்கேல்லை. பிறகு பழகியிட்டுது."

"எத்தினை... தலை?"

"ஆர் எண்ணினது?" என்று ஜெயரத்தினம் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. தோர்மூட் மட்டும் அவர் தோளில் மெல்லக் கை வைத்தார். ஒரு தொழிலாளியின் கஷ்டத்துக்கு இவ்வளவு இரங்குகிறார்களே, என்ன அருமையான மனிதர்கள் என்று ஜெயரத்தினம் உருகிப்போனார். அந்த நிமிடத்திலிருந்து அவர் காதில் 'நீர்' எல்லாம் 'நீங்கள்' என்று கேட்கத் தொடங்கியது.

தோர்மூட் தொண்டையைச் செருமிக்கொண்டு காசின் கதையைச் சொன்னார். "இது செலவழிக்கிற காசில்லை. ஆமியிலை ஒரு பிரிவுக்கு ஒரு காசு இருக்கும். புதுசாச் சேர்ந்த ஆளுக்கு, கை குடுக்கேக்கை மற்றவைக்குத் தெரியாமல் உள்ளங்கையிலை வைக்கிறது. அதுக்குப் பிறகு அவன் தனி ஆளில்லை, பிரிவின்ரை ஆள். எங்கை போனாலும் காசு அவனோடை இருக்க வேணும். ஆரும் ஒருத்தர் தன்ரை காசை மேசையிலை 'டொக்' எண்டு அடிச்சால் எல்லாரும் தங்கடை காசைக் காட்ட வேணும். இல்லாதவன் எல்லாருக்கும் கோப்பி வாங்க வேணும். எல்லாரிட்டையும் இருந்தால் அடிச்சவன் வாங்க வேணும். கை தவறி விழுந்து சத்தம் கேட்டாலும் அடிச்சதுதான்."

ஜெயரத்தினம் தலையாட்டினார். காசின் ஒரு பக்கம் கரடி, மறு பக்கம் இரண்டு கைகள். வடிவான காசு.

வீட்டுக்கு வந்து அதைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் ஒரு சொல் மண்டைக்குள் மணியடித்தது.

ஆமி!

ஆமி என்ற சொல்லைக் கேட்டதும் வேலி பாய்ந்து, வயல் தாண்டி, கடல் தாண்டி ஒஸ்லோ வந்து சேர்ந்தவர் அவர். இப்போது ஆமிக்காரர்களோடு உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் போகட்டும். தலை வெட்டிய கதை!

"ஐயோ, மீன் எண்டு சொல்லேல்லையே!" என்று பிள்ளையாரிடம் முறையிட்டார்.

ஹம்மர்பெஸ்ட்டில் இறங்கிய புதிதில் மீன் ஆலையில் கொட் மீனுக்குத் தலை வெட்டியவர் அவர். பிறகுதான் ஒஸ்லோ வந்து பேருந்து ஓட்டியதெல்லாம். மீன் ஆலைக்காரன் தலை என்றால் மீன்தலைதானே? மீனென்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அடுத்த செவ்வாய் உண்மையைச் சொல்லிவிடும் தீர்மானத்தோடு போனார். உட்காருவதற்குள் ஏகில் காசை மேசையில் அடித்தார். நான்கு கைகள் நான்கு பைகளுக்குள் பாய்ந்தன. ஜெயரத்தினம் விழித்தார். கைவிசேடக் காசை யாராவது வெளியில் கொண்டு திரிவார்களா? அது பிள்ளையாருக்கு முன்னால் பத்திரமாக இருந்தது. எல்லாருக்கும் கோப்பி வாங்கினார். கோப்பி வந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"போன கிழமை நான் சொன்ன தலையள்... அதுகள் மனுசர் இல்லை."

ஏகிலின் முகம் வெளிறியது. "விளங்குது," என்றார் மெல்லிய குரலில். "சண்டையிலை அப்பிடித்தான் நினைக்க வேணும். இல்லாட்டி நித்திரை வராது."

"இல்லை, நான் சொல்ல வந்தது..."

"நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை," என்று ஐந்து பேரும் ஒரே குரலில் தடுத்தார்கள். தோர்மூட் அவசரமாகக் காலநிலைக்குத் தாவினார். இந்த வருடம் உறைபனி போக மறுக்கிறதாம்.

ஜெயரத்தினம் அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டார். காலநிலையைப் பற்றி இன்னொரு மனிதரோடு பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. வீட்டில் அவர் காலநிலையைத் தொலைக்காட்சிப் பெட்டியிடம்தான் பேசுவார். அது ஒருபோதும் "ஓமோம்" என்று சொன்னதில்லை.

இனிக் காசை மறக்கக்கூடாது. துளைபோடும் மிஷினால் ஓட்டை போட்டு, கோயில் கறுப்புக் கயிற்றில் கோத்து, கழுத்தில் கட்டிக்கொண்டார். பிள்ளையாரின் அனுமதியோடுதான்.

மூன்றாவது செவ்வாய் தோர்மூட் காசை அடித்தார். ஜெயரத்தினம் சட்டைக்குள் கையை விட்டுக் கயிற்றோடு இழுத்துக் காட்டினார். மேசைக் கோடியிலிருந்த மெலிந்த கிழவர், "ஓட்டை போட்டது செல்லாதெல்லோ..." என்று தொடங்கினார். ஏகில் அவர் விலாவில் முழங்கையால் இடித்தார்.

"இவருக்குச் செல்லும்!" என்றார் ஏகில். பிறகு ஒரு விரலால் அந்த ஓட்டையைக் காட்டி, "இது எப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

"ட்ரில்லிலை."

படைப்பயிற்சிக்கும் அந்த ஊரில் அதே சொல்தான். ஏகில் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பேச்சை மாற்றினால் போதுமென்று ஜெயரத்தினம் தோர்மூட்டைப் பார்த்து, "நீங்கள் ஆமியிலை எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்டார்.

தோர்மூட் கோப்பையைச் சுற்றினார். "அதுகளை நாங்கள் கதைக்கிறேல்லை."

எப்பேர்ப்பட்ட வீரன், எப்பேர்ப்பட்ட அடக்கம்! ஜெயரத்தினம் தன் கதிரையில் இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

ஏகில் கேட்டார்: "மே எட்டாந் திகதி கோட்டையிலை பழைய ஆமிக்காரருக்கு மரியாதை செய்யிற விழா. நீங்கள்... கட்டாயம் போவியள் எண்டு நினைக்கிறன்?"

"நீங்கள் போறனீங்களோ?"

ஐந்து கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "போகத்தானே வேணும்," என்றார் தோர்மூட்.

"அப்ப நானும் வாறன்," என்றது ஜெயரத்தினத்தின் வாய். ஆப்பிழுத்த குரங்கு என்று ஊரில் சொல்வார்களே, அது அன்றைக்கு ஹவுகெட்டோவில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தது.

விழாவுக்குப் போகிறவர்கள் நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு போவார்களாம். ஒரு பதக்கம் தேடி வீட்டைத் தலைகீழாக்கிவிட்டு மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்ரை மெடல் எங்கை வைச்சனி?"

"என்ன மெடல் அப்பா?"

"தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலை வாங்கினியே. சாக்கோட்டம், மூண்டாம் இடம்."

"அப்பா, தனிய இருந்து உங்களுக்கு ஏதும் ஆகியிட்டுதோ? நான் வந்து நிக்கட்டோ?"

"தனிய இல்லைப் பிள்ளை. செவ்வாய்க்கிழமையிலை எனக்குக் கூட்டாளியள் இருக்கினம். நான் போகாட்டி, எங்கை ஜெயரத்தினம் எண்டு தேடுவினம்."

ஆரணியின் குரல் தழுதழுத்தது. "உண்மையாவோ? அம்மா போன பிறகு நீங்கள் இப்பிடி ஒரு சொல் சொல்லேல்லை அப்பா. அவையை விட்டிடாதைங்கோ."

விட்டுவிடாதே என்று பெற்ற பிள்ளை சொல்கிறாள். உண்மையைச் சொன்னால் அவர்கள் விட்டுவிடுவார்கள். சொல்லாமல் போனால், உண்மையாகவே உயிரைக் கொடுத்தவர்களின் விழாவில் சாக்கோட்டப் பதக்கத்தோடு நிற்க வேண்டும். அது செத்தவர்களுக்குச் செய்கிற துரோகம். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீன் ஆலையின் முதல் கிழமைக்குப் பிறகு அப்படி ஆனது இப்போதுதான்.

செவ்வாய் வந்தது. ஜெயரத்தினம் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

"நான் ஆமிக்காரன் இல்லை. ஒருநாளும் ஆமியிலை இருந்ததில்லை. ஆமியைக் கண்டு ஓடினவன். நான் வெட்டினதெல்லாம் மீன்தலை, கொட் மீன், ஹம்மர்பெஸ்ட் ஆலையிலை. முதல் நாளே நீங்கள் பிழையா விளங்கிக்கொண்டது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் திரும்பவும் அந்தச் சுவரோரத்து மேசைக்குப் போக வேணுமெண்ட பயத்திலை சொல்லேல்லை. என்னை மன்னிக்க வேணும்."

கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். கயிறு கை நழுவியதில் காசு மேசையில் 'டொக்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஐந்து கைகளும் பழக்கதோஷத்தில் பைகளுக்குள் பாய்ந்தன. ஐந்து காசுகள் வரிசையாக மேசைக்கு வந்தன. பிறகு ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோர்மூட் தாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஏகிலின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ, கோபத்தில் நடுங்குகிறாரோ தெரியவில்லை.

வாசல் அன்றைக்கு வெகு தூரத்தில் இருந்தது. ஜெயரத்தினம் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார். கோப்பித் தட்டோடு வந்த மேரின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை போறியள்? இருங்கோ ஐயா," என்றாள். "இந்த மேசையிலை ஒருத்தரும் ஆமிக்குப் போகேல்லை, காசும் தாங்களே செய்விச்சது, எல்லாரும் உங்களைப் போலை அந்தச் சுவரோரத்திலை தனிய இருந்து கோப்பி குடிச்ச ஆக்கள், உண்மையான ஆமிக்காரன் ஒருத்தன் வந்து சேர்ந்திட்டான் எண்டு மூண்டு கிழமையா உங்களுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தவை!"