பனியூராரின் வெந்நீர்க் குழாய்

உச்சி வெயிலில் நின்றுகொண்டு பனியைப் பற்றிப் பேசி, கேட்பவருக்கு நடுக்கம் வரவைக்கக்கூடியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருச்செங்கோட்டில், எங்கள் தெருவில் இருந்தார். ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பனியூரார்.

சரக்குக் கப்பலில் பாய்லர் வேலை பார்த்தவர். ஒரு குளிர்காலத்தில் கடல் உறைந்து, கப்பல் வடக்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொள்ள, பனி உருகும்வரை அந்த ஊரிலேயே தங்கினார். பிறகு ஊர் திரும்பி, நூல் பாவுக்குக் கஞ்சி ஏற்றிக் காயவைக்கும் சைசிங் மில்லில் பாய்லர்காரராகச் சேர்ந்தார். திரும்பியது உடம்பு மட்டும்தான்.

"அந்த ஊருல ஊட்டுக்கு ஊடு அடுப்பே கிடையாதுங்க. ஊருக்கே ஒரு பாய்லர். ஊருக் குப்பையெல்லாம் அதுல எரியும். சுடுதண்ணி குழாயில தெருத்தெருவாப் போயி ஊட்டையெல்லாம் கதகதன்னு வெச்சிருக்கும். ஒரு பொட்டுச் சூட்டை வீணாக்க மாட்டாங்க."

டீக்கடையிலிருந்து பதில் வரும்: "நம்மூருச் சூட்டைக் குழாய் போட்டு அங்க அனுப்பிச்சுடுங்க. புண்ணியமாப் போவும்!"

அவர் சளைக்கவில்லை. அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு என்று, ஒரு விடியலில் மெயின் ரோட்டில் சுண்ணாம்பால் நீளக் கோடு போட்டார். கொஞ்ச நேரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு ரிக் லாரி அதன் மேலேயே வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இங்க கபடிங்களா?" என்றார். அடுத்து, குப்பையைப் பிரித்துப் போட வீட்டுக்கு இரண்டு சட்டி கொடுத்தார்; ஒன்று காய்த்தோலுக்கு, ஒன்று காகிதத்துக்கு. தெரு ஆடுகள் இரண்டையும் பாகுபாடில்லாமல் தின்று தீர்த்தன.

"அந்த ஊருல ஆடு இல்லீங்க. அதுதான் கணக்குத் தப்பிப்போச்சு."

சிரித்தோம். அவர் எதற்காக அப்படி அலைந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அவர் மனைவி பாவாயக்காவுக்கு ஓயாத இருமல். புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோற்றுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிவிட்டார். வெந்நீர் அடுப்புக்கு என்ன செய்வது? அதற்குக் காய்ந்த பருத்திச் செடிக் குச்சியான பருத்திமார்தான். எரிவதைவிடப் புகைவது அதிகம்.

தெருக்கோடியில் இருந்த மில்லிலோ, நூல் பாவைக் காயவைத்த நீராவி சுத்தமான சுடுதண்ணீராகிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டு, ரிக் வண்டிக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய குழாய்களைச் சேர்த்து, கயிறும் சாக்கும் சுற்றி, தன் வீட்டு வாசல்வரை இழுத்துவந்தார். திறந்தால் ஆவி பறக்கும் தண்ணீர். அவர் முகத்தில் கல்யாணக் களை.

தெருவுக்கே பிடித்துக்கொள்ளச் சொன்னார்; யாரும் குடத்தோடு வரவில்லை. கப்பலில் கழித்த வருஷங்களில் ஒன்றை அவர் மறந்திருந்தார். எங்கள் பக்கம் இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சோறும் வெந்நீரும் வெளியிலிருந்துதான் வரும்.

"அடுப்புப் பத்தவெக்காம ஊட்டுக்குச் சுடுதண்ணி வந்தா அது எழவுக்குத்தானுங்க" என்றார் என் அம்மா.

பாவாயக்கா கதவுக்குள்ளிருந்தே கேட்டார்: "நானு உசுரோட இருக்கையிலயே எனக்கு எழவுத் தண்ணியாங்க?"

பனியூரார் குழாயை மூடினார்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறைய உண்டு, இன்றும் குறையவில்லை. மறுநாள் தெருவே பார்க்கக் குடத்தைக் கொண்டுபோய் வைத்தேன். "படிச்ச திமிரு!" என்று காதில் விழுந்தது. தினமும் பிடித்தேன். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அதில் அம்மாவுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

ஐப்பசி மழையில் பருத்திமார் நனைந்துபோய், ஒரு காலை பாவாயக்கா அடுப்படியிலேயே மூச்சுத் திணறி விழுந்தார். தேறியதும் தானே குண்டாவோடு வந்து, குழாய்த் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இதையத்தான் இத்தன நாளாச் சொல்லிட்டிருந்தீங்களா?"

"ஆமா, பாவாயி."

"மொதல்லயே தொட்டுப் பாக்கச் சொல்லியிருக்கலாமல்லோ!"

அதன்பின் தெருவே வரிசையில் நின்றது. மார்கழி முழுக்கப் புகையில்லாத விடியல்கள்.

தை பிறந்தபின் பாவாயக்கா போய்விட்டார். நெஞ்சு எப்போதோ கெட்டுவிட்டிருந்தது என்றார் டாக்டர். தெரு டாக்டரைக் கேட்கவில்லை, குழாயைத்தான் குற்றம் சொன்னது. ஒரே நாளில் வரிசை கலைந்தது. எல்லா வீட்டிலும் மறுபடி புகை. பனியூராரின் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் வாசலைக் கடக்கும்போது பெண்கள் குழந்தைகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள்.

குழாயைப் பிடுங்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை.

"கடைசியில கொஞ்ச நாளு இருமாமத் தூங்குனா, சாமி" என்றார் என்னிடம்.

அந்தப் பனி ஊரைப் பற்றி அதன்பின் அவர் யாரிடமும் பேசவில்லை. காலையில் குழாயைத் திறப்பார், சூடு பார்ப்பார், மூடுவார். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். சித்திரை வந்தது. தார் உருகும் ஒரு மத்தியானம் குடத்தோடு போய் நின்றேன்.

"இந்த வேகாத வெயில்ல எதுக்கு சாமி சுடுதண்ணி?"

"குளிருதுங்க" என்றேன்.