பெரியம்மாவை வாடகைக்காரி ஆக்கியது நான்தான்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு. மற்றவர்கள் வாய்த்தகராறில் குடும்பத்தைப் பிரிப்பார்கள். நான் ஒரு ஃபாரம் நிரப்பிப் பிரிக்கப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எனக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஏழு மாத சர்வீஸ். (அதில் ஆறு மாதம் ட்ரெயினிங். இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.) லீவுக்கு விருதுநகர் வந்தாலும் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன். டீக்கடைக்கும் அதோடுதான் போவேன்.

அத்தாவும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), அவருடைய அண்ணனான பெரியத்தாவும் சேர்ந்து பஜாரில் மிளகாய் வத்தல் மண்டி நடத்திவந்தார்கள். குடியிருந்ததும் ஒரே வீட்டில்தான். முன்பாதியில் பெரியத்தா, பெரியம்மா, பின்பாதியில் நாங்கள். நடுவில் கூடம், அதில் பொதுவாக ஒரு டெலிபோன். பத்திரம் மட்டும் காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரிலேயே கிடந்தது. எந்தச் சுவர் யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, கேட்டதும் இல்லை.

எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்க வந்தவரும் அத்தாவும் எதிரெதிரே உட்காருவார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். பிடித்த விரல்தான் விலை. மூட்டைக்கு எம்புட்டு என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்திலேயே நிற்கிற மற்ற வியாபாரிகள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அடையாள அட்டை கழுத்தில் ஏறிய பிறகு அது எனக்குக் காட்டுமிராண்டித்தனமாகத் தெரிந்தது. விலையைப் போய் மறைப்பார்களா?

அந்த லீவில் ஒரு புதன்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. வீட்டின் விவரத்தைக் கொடுத்தால் அதன் மதிப்பை இலவசமாகச் சொல்லுமாம். ஊர்ப் பட்டியலில் விருதுநகர் இல்லை. சரி, பக்கத்து ஊர்தானே என்று மதுரையைத் தட்டினேன். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற இடத்தில் வாங்க, விற்க, வாடகைக்கு என்று மூன்றே பதில்கள். ‘சும்மா’ என்று ஒன்று இல்லை. ‘விற்க’வைத் தட்டினேன். உரிமையாளர் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். அத்தா பெயரைப் போட்டேன். போன் நம்பருக்கு எங்கள் கூடத்து நம்பர்.

தொகை வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். பெரியத்தா இதைப் படிப்பார். மதுரையின் பெரிய மனிதர்கள் வசிக்கிற பகுதிக்கான விலை அது என்று மட்டும் சொல்லலாம். நான் என்னமோ அந்தப் பணத்தை நானே சம்பாதித்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாளே போன் வர ஆரம்பித்தது. எடுத்ததெல்லாம் பெரியத்தா. காதர் சார் வீட்டை விற்கிறாராமே, எப்போது வந்து பார்க்கலாம் என்று மதுரைத் தரகர்கள் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். காதர் என்பது என் அத்தா. பெரியத்தா இதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கெல்லாம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை என்று பெரியம்மா பிறகுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்த நேரம், யாரோ ஒரு மதுரைத் தரகர் சொல்லி உள்ளூர்த் தரகர் பெருமாள்சாமி வந்து நின்றார். கூடவே ஒரு பார்ட்டி: சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிற முதலாளியும் அவர் மனைவியும்.

“சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நாங்க சும்மா ஒரு சுத்து பாத்துட்டுப் போயிருதோம்” என்றார் பெருமாள்சாமி. முதலாளி கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, “இதை எடுத்துட்டா ரெண்டு கார் நிக்கும்” என்றார். அவர் மனைவி நேரே முன்பாதி அடுப்படிக்குள் போனார். அங்கே பெரியம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இங்கன வாடகைக்கு இருக்கீகளாக்கா?” என்றார் அந்த அம்மா, உண்மையான அக்கறையோடு. “எப்பக் காலி பண்ணுவீக? எங்களுக்கு அவசரமில்ல. சீசன் முடியட்டும்.”

எண்ணெயில் அப்பளம் கருகுகிற வாசனை வந்தது. (நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பாத்ரூமில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.)

வந்தவர்கள் போனதும் பெரியத்தாவின் குரல் கேட்டது. “விக்கணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, காதர்?”

“என்னண்ணே சொல்லுதீக? சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் அத்தா. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

“நான்தான் பெரியத்தா. சும்மா எம்புட்டுக்குப் போகும்னு கம்ப்யூட்டர்ல பாத்தேன்.”

“அதுல எம்பேரு போட்டியா?” என்றார் அத்தா.

“ஒரு பேருக்குத்தான் கட்டம் இருந்துச்சு.”

பெரியத்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அப்ப எங்க அத்தா பேரப் போட்டிருக்கலாம்லலே” என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு முன்பாதிக்குப் போனார்.

மூன்று நாள் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. மண்டியில் ஆளுக்கொரு மூலை. வழக்கம்போலப் பெரியம்மா குழம்புக் கிண்ணம் கொண்டுவந்தார். ஆனால், “இந்த மாச வாடகைக்கு வச்சுக்கோங்க” என்று அம்மா முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அது கேலி இல்லை. அம்மா அந்தக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. ஒரு வீட்டுக்கு இன்ன விலை என்று தெரிந்துவிட்டால், அதில் குடியிருப்பவர்களுக்கு இன்ன பங்கு என்பதும் தெரிந்துவிடுகிறது. நாற்பது வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயத்தை நான் இலவசமாகத் தெரிவித்திருந்தேன். எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அத்தாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். திடீரென்று பெரியத்தா எழுந்து வந்து அத்தாவின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டார்.

“சொல்லு, காதர். ஒனக்கு எம்புட்டு வேணும்?”

மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தா சாப்பாட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு கையை உள்ளே விட்டார். சாதாரணமாக இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம், வெகுநேரம் முடியவில்லை. துண்டு அசையவும் இல்லை. மற்ற வியாபாரிகள் வழக்கம்போல முகத்தைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. (வத்தல் மண்டியில் எல்லோருக்கும் எப்போதும் கண் கலங்கித்தான் இருக்கும் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது.)

கடைசியில் பெரியத்தா துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, சோத்தப் பிரி. சேந்து சாப்பிடுவோம்” என்றார்.

என்ன விலை பேசினீர்கள் என்று அத்தாவிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிறவன் வியாபாரியா என்பார். போன வருடம் பெரியத்தாதான் சொன்னார்: “என்னத்த வெல? அவன் வெரலே புடிக்கலலே. கைய மொத்தமா இறுக்கிப் புடிச்சுக்கிட்டான். நானும் விடல.”

வீடு இன்றும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. பெரியம்மாவின் வாடகை மட்டும் நிற்கவில்லை. கோபம் போய்க் கேலியானதும் அது எனக்கு நிரந்தரத் தண்டனையாகிவிட்டது. எப்போது ஊருக்குப் போனாலும் வாசலிலேயே, “வாங்க ஓனரு, நான் எப்பக் காலி பண்ணணும்?” என்பார். என் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் நடுவிலும் கேட்டார்.

சில மாதங்களுக்கு முன் சென்னையில் நான் வாங்கிய ஃபிளாட்டுக்கு முதல் தடவையாக வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“ஏலே, உள்ள வரலாமா? இங்கன எனக்கு வாடக எம்புட்டு?”

உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து என் கைமேல் போட்டு நீட்டினேன். பெரியம்மா சிரிக்காமல் கையை உள்ளே விட்டார். விரலைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

நறுக்கென்று கிள்ளிவிட்டு உள்ளே போனார்.