உதறாத ஆடும் ஒரு மனோதத்துவ மாணவனும்

தபாலில் படிக்கிற படிப்பில் ஒரு பெரிய வசதி உண்டு. நீங்கள் முட்டாள் என்பது வாத்தியாருக்கு உடனே தெரியாது. அதிலேயே ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. அது உங்களுக்கும் தெரியாது.

இப்போது பிள்ளைகள் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேலே சட்டையும் கீழே கைலியுமாகப் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். எண்பதுகளில் நான் மனோதத்துவம் படித்தபோது பாடமெல்லாம் பொட்டலமாகவும் கேசட்டாகவும் மலேசியாவில் எங்கள் கோலசிலாங்கூர் தபாலாபீசுக்கு வரும். அங்கிருந்து சைக்கிளில் கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வந்தாலும் வரிசையாக வராது. ஏழாம் பாடம் முதலில் வந்து, மூன்றாம் பாடம் ஆடி அசைந்து பிறகு வரும். "முன்பே பார்த்தோமல்லவா?" என்று கேசட்டில் ஒருவர் அன்பாகக் கேட்பார். எங்கே ஐயா பார்த்தோம்?

நான் அந்தச் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. அப்பா வெளிக்காட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். "கணக்குப் படிச்சா பெரிய கிராணி ஆவலாம். மனசப் படிச்சு என்னாடா ஆவப்போறே?" என்பார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் நாலு பேர் மரியாதையாகப் பார்த்தார்கள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தங்கள் மனத்தைப் படிக்கிறேன் என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள். (நான் பெரும்பாலும் இட்லியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.)

அந்த வருடம் ஒரு பயிற்சி வந்தது. ஓர் உயிரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே தூண்டுதலைத் தினமும் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். முதலில் பதறுகிற உயிர் போகப் போகப் பழகி, ஒன்றுமே நடக்காதது போல இருந்துவிடுகிறதா என்று கவனித்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஓர் உயிர் சும்மா இருந்தது. மைனர் என்ற கறுப்புக் கிடா. தினமும் ஆபீஸ் முடிந்து வந்ததும் மைனரின் முதுகில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். ஆரம்பத்தில் அது தலையைச் சிலுப்பி உடம்பை உதறுகிற உதறலில் நான்தான் குளித்தேன். கொஞ்ச நாளில் லேசாகக் காதை ஆட்டியது. பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் வழிய வழிய, ரிட்டையரான ஹெட்மாஸ்டர் மாதிரி வெறித்துப் பார்த்துக்கொண்டு அசை போட்டது.

"ஆட்டுக்கு எதுக்குடா தினம் குளியல்?" என்றாள் என் அக்கா செல்வி.

"இது சயன்ஸ்க்கா. ஒனக்குப் புரியாது."

எழுதி அனுப்பினேன். 'மிக நேர்த்தியான சோதனை' என்று பாராட்டு வந்தது. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். என் திமிருக்கு அளவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைனர், முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அக்காவுக்கு இரண்டு வரன் வந்து தட்டிப்போனதால், அடுத்தது அமைந்தால் கிடா வெட்டுவதாக அப்பா வேண்டியிருந்தார். செரண்டாவிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை ஃபேக்டரியில் வேலை. அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் பெயரைச் சொன்னாலே மீன் குழம்பில் இரண்டாவது தடவை உப்புப் போடுவாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா கறாரான மனுசி. "மொதல்ல ஒங்க சாமி கிடாவை ஏத்துக்கட்டும். அப்புறந்தான் தேதி" என்று சொல்லிவிட்டார்.

சாமி ஏற்றுக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் சம்மதம். இது லயத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இதையும் என் சோதனையையும் சேர்த்துப் பார்க்கிற மூளை மட்டும், பாவம், தபாலில் வரவில்லை.

திருவிழா அன்று காலை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். உறுமி முழங்கியது. பூசாரி மைனருக்கு மாலை போட்டு, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

மைனர் மாலையில் ஒரு பூவைக் கடித்தது.

இரண்டாவது சொம்பு. அசை போட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி!

"ஏதோ கொற இருக்குப்பா" என்றார் பூசாரி. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவளை அப்படிப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முண்டியடித்துக்கொண்டு உள்ளே போய், ஆட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

"சாமி மேல குத்தம் இல்ல! ஆட்டு மேலயும் குத்தம் இல்ல! அதுக்குப் பழகிப்போச்சு!"

"என்னா லா ஒளர்றான் இவன்?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"தூண்டுதல் ஒண்ணேதான்... ஆனா எதிர்வினை வந்து..." எனக்கே புரியவில்லை. பாடம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. அதை முனியாண்டி கோயில் வாசலில் தமிழில் எப்படிச் சொல்வது?

"தள்ளுடா அந்தாண்ட!" என்று கத்தியபடி அப்பா ஒரு வாளித் தண்ணீரை ஆட்டின் மேல் வீசினார். நான் நகரவில்லை. கிணற்றுத் தண்ணீர், ஐஸ் மாதிரி, முழு வாளியும் என் தலையில்.

உடம்பு தூக்கிப் போட்டது. தலையைச் சிலுப்பி, தோளைக் குலுக்கி, உச்சி முதல் உள்ளங்கால் வரை உதறினேன். மைனர்கூட ஆரம்ப நாட்களில் அவ்வளவு அழகாக உதறியதில்லை.

உறுமிக்காரர் விட்டாரா? வெளுத்து வாங்கிவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். "வந்துட்டாரு! அய்யா வந்துட்டாரு!" என்று யாரோ கத்த, பூசாரி பற்றவைத்த சுருட்டை என் வாயில் செருகினார். அதுவரை பீடிகூடத் தொடாதவன் நான். இருமினேன். இருமலில் உடம்பு இன்னும் குலுங்கியது. குலுங்கக் குலுங்க உறுமி வேகமெடுத்தது. நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் காலில் பொத்தென்று விழுந்தார்.

"அய்யா, எம்மவனுக்கு இந்தப் பொண்ணக் கட்டலாமா? நீங்கதான் சொல்லணும்!"

சாமி இல்லை, சின்னக் கிராணி என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டத்தில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியையா, தம்பியையா?

"கட்டலாம்!" என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை. சுருட்டுப் புகை காரணமாக இருக்கலாம்.

"எப்பங்கய்யா?"

"தையில!"

"அய்யோ, நான் மனசுல நெனச்சதையே சொல்லிட்டாரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். (தை மாதத்தை விட்டால் வேறு எதை நினைப்பாராம்?)

"கிடாய என்னா பண்றதுங்க?" பூசாரியின் கையில் அரிவாள் இருந்தது.

மைனர் என் ஈரக் கைலியை நக்கிக்கொண்டிருந்தது. "விட்டுரு" என்றேன். பந்திக்குச் சாம்பாரும் அப்பளமும்தான் போட்டார்கள். ஆட்டுக்கறிக்காகவே வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. முதல் நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமாவே வந்துச்சாடா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

சத்தியமாகத் தெரியவில்லை. ஒருவழியாகப் பட்டம் வாங்கினேன். பயம், குளிர், கூட்டத்தின் எதிர்பார்ப்பு என்று புத்தகம் நிறையக் காரணம் சொல்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த 'கட்டலாம்' யார் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

பட்டத்தை என் வீட்டில் யாரும் மதிப்பதில்லை. போன வருடம் அக்கா மகளின் கல்யாணம் ரவாங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஒரு பெண் குழந்தை என் மேல் பன்னீர் தெளித்தது. உடனே மொத்தக் குடும்பமும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புது மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றாள் அக்கா அவனிடம். "எங்க தம்பி இன்னும் ஒதறல."

வேறு வழி? உதறினேன்.