பத்துக்கு எத்தனை?

"ஏழரை" என்றார் வாத்தியார், கூரையைப் பார்த்து வெகுநேரம் யோசித்துவிட்டு.

ஏழரையேதான் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று டிகிரி மனசுக்குள் நொந்துகொண்டாள். முதல் வாரம் நாலு. போன வாரம் ஆறு. முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு வலி வாராவாரம் இறங்கவேண்டும். இவருக்கு ஏணி வைத்து ஏறுகிறது.

டிகிரி என்பது அவள் பெயரல்ல. யாருடைய முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து எழுதாமல் அந்த பிசியோதெரபிப் பெண் ஒருவரையும் வெளியே விடமாட்டாள். கூட வேலை பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா, பெயர் வைத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த மாதம் சீஃப் அவளுடைய சார்ட்டுகளைப் புரட்டிப் பார்த்து, நிரந்தரமா அல்லது நடையைக் கட்டவேண்டியதா என்று சொல்லுவார்.

வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. இதை முதல் நாளே எல்லாருக்கும் விளக்கிவிடுவாள். வாத்தியாருக்கும் விளக்கினாள். அப்போதுதான் முட்டியை முதல்முறையாக மடக்கியிருந்ததால், மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பயிற்சி முடிவில் ஒரே கேள்விதான்: "பத்துக்கு எத்தனை சார்?"

இதில் கூத்து என்னவென்றால், எழுபது டிகிரி மடங்கிய முட்டி இப்போது நூறு மடங்குகிறது. மடங்குவதும் கூடுகிறது, வலியும் கூடுகிறது என்றால் பாவம், வாய்திறக்காமல் பொறுத்துக்கொள்கிறார் என்றுதானே அர்த்தம்? எங்கே வலிக்கிறது என்று கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ மனசை விடாதே என்று இவளுக்கு ஆறுதல் சொல்கிறார்.

மறுவாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தாள். பனிக்கட்டிப் பையைத் துண்டில் சுற்றி, கால் மணி நேரம் தன் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு" என்றார்.

அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து வாத்தியாருக்கே சங்கடமாகிவிட்டது. "இன்னும் கொஞ்சம்தாம்மா" என்றார் தணிந்த குரலில். இன்னும் கொஞ்சம் போனால் உயிரே போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் சைக்கிள் மிதிப்பதையும் நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தொடைத் தசையைப் பதமாக நீவிவிட்டாள். ஒன்பது. மிதிக்காத காலின் மடக்கமும் ஐந்து டிகிரி குறைந்துவிட்டது. சீஃப் சார்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மடக்கமும் போச்சு, வலியும் போகலை, அந்த மனுஷரை என்னதான் பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அப்பா வயதுள்ள ஒருவரை இந்தக் கையாலேயே ஐந்து வாரம் வதைத்திருக்கிறோமே என்று துணி அடுக்கும் அறைக்குள் போய் அழுதாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சியே கொடுக்கவில்லை. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, பூவைத் தொடுவதுபோல் தொட்டாள். கடைசியில் கேட்கவே பயந்து கேட்டாள்.

"பத்துக்கு எத்தனை சார்?"

வாத்தியார் அவள் வீங்கிய கண்களையே பார்த்தார். ஏதோ பெரிய முடிவெடுப்பவர்போல் பெருமூச்சு விட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பத்தும்மா" என்றார்.

அவர் போனதும் நேராக சீஃப் அறைக்குப் போனாள். என் சிகிச்சையால் இவருக்கு வலி அதிகமாகிவிட்டது, வேறு ஒருவரிடம் மாற்றுங்கள், நானும் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். நீயே சொன்னது நல்லதாகப் போயிற்று என்று அவர் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாத உழைப்பு அரை நிமிஷத்தில் முடிந்தது.

கோணம் அளக்கும் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது வாத்தியாரின் மனைவி மூச்சிரைக்க வந்தாள். கட்டிலோரம் சாத்தியிருந்த கைத்தடியை எடுத்துக்கொண்டாள். மனுஷர் இதை மறந்துவிட்டுப் படியிறங்கித் தெருமுனைவரை போய்விட்டாராம்.

டிகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தடி இல்லாமயா? அவ்வளவு வலியிலயா?"

"எந்த வலி?" என்றாள் அந்த அம்மாள். "முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்து பெத்த பொண்ணுக்குக்கூட ஒன்பதரைக்கு மேல போடாத மனுஷன், 'அந்தப் பொண்ணு வாராவாரம் வாய்விட்டு மார்க் கேக்குது, பாவம், இன்னிக்கு முழுசாப் போட்டுட்டேன்'னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போறாரும்மா."