ஜெராக்ஸ் கடையில் ஒரு பிட்காயின் சுரங்கம்

தேனி மாவட்டத்தில் நீங்கள் எதையாவது புதிதாகச் செய்ய நினைத்தால், அதை உங்களைவிடப் பெரிதாகச் செய்து முடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் ஜெராக்ஸ் அண்ணன்தான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், யோசனை உங்களுடையதாக இருக்கும்.

பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் கடைப் பலகையில் ‘ஜெராக்ஸ்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். ஊரும் அதையே அவருக்குச் சூட்டிவிட்டது. எதிர்வரிசையில் ஓர் அரசு அலுவலகம் இருந்ததால் கடையில் எப்போதும் கூட்டம். அந்தக் கடைக்கு மேலே மாடியறையில் நான் குடியிருக்கிறேன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன். நான் என்ன வண்டி வாங்கினாலும் அடுத்த மாதம் அதே வண்டி, ஒரு சுற்றுப் பெரிதாக, கடை வாசலில் நிற்கும். எனக்குக் கண்ணாடி போட்டார்கள். அவரும் போட்டுக்கொண்டார். அதில் பவர் கிடையாது.

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் தட்டியதும் அவர் கடையில்தான். வெளியே சாரல். மேகமலைப் பக்கம் மலையையே காணோம். வாடகை ஒப்பந்தத்தைப் பிரதி எடுக்கப் போயிருந்தேன். ஈரத்தில் பேப்பர் ஒட்டிக்கொண்டு மிஷின் சிக்கிக் கிடந்தது. அண்ணன் அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக் கசங்கிய தாளை உருவிக்கொண்டிருக்க, நான் போனில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒருவர், உள்ளங்கை அகல எந்திரம் ஒன்றை வீட்டு மேசையில் வைத்துக்கொண்டு தனியாக பிட்காயின் மைனிங் செய்கிறாராம். நாமும் செய்தால் என்ன என்று பளிச்சென்று தோன்றியது. கம்பம் பள்ளத்தாக்கிலேயே நான்தான் முதல் ஆளாக இருப்பேன். வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

“அண்ணே, நான் வீட்லயே பிட்காயின் எடுக்கப் போறேன்.”

“அது என்ன செய்யும்?”

“மிஷின் விடாம நம்பர் நம்பரா ஊகிச்சுக்கிட்டே இருக்கும். உலகத்துல இருக்கிற அத்தனை மிஷினுக்கும் முன்னால சரியா ஊகிச்சா நமக்குப் பரிசு.”

“அப்ப லாட்டரி.”

“லாட்டரி இல்லண்ணே, கணிதம்.”

“விழுமா?”

“விழாது.”

“அப்பறம் எதுக்குடா அது?”

அந்தக் கேள்வியோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் விளக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதே. மைனர், அதாவது அந்த ஊகிக்கிற மிஷின், மட்டும் போதாது, கூடவே நோடு ஒன்றும் வேண்டும் என்றேன். பிட்காயினில் யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்கிற கணக்கு முழுவதும் எந்த பேங்கிலும் இல்லை; உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு முழுப் பிரதி வீட்டில் வைத்திருக்கிறார்கள்; அப்படிப் பிரதி வைத்துச் சரிபார்க்கிற கம்ப்யூட்டருக்குப் பெயர்தான் நோடு என்றேன்.

அண்ணன் மிஷினுக்குள்ளிருந்து கையை எடுத்தார். பவர் இல்லாத கண்ணாடியையும் தாண்டிக் கண்ணில் ஒரு வெளிச்சம்.

“ஆயிரக்கணக்கான பேரு, ஒரே கணக்கை, ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காக?”

“ஆமாண்ணே.”

“ஏலே, இது நம்ம தொழில்டா.”

என் மைனர் வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலம், குட்டித் திரை, ஒரு சின்ன ஃபேன். நோடு ஒன்றையும் அமைத்தேன். முழுக் கணக்கும் இறங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சரிபார்த்து முடிக்க நாள் கணக்கில் ஆனது. பள்ளத்தாக்கின் முதல் சுரங்க முதலாளி என்ற நினைப்பில் நான் மாடிப்படி இறங்கிய விதத்தைப் பார்த்து டீக்கடைக்காரர் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டார்.

அந்தப் பெருமை லாரி பார்சலில் ஒரு பெட்டி வந்ததோடு முடிந்தது. ஜெராக்ஸ் அண்ணன் என் மைனரை என்லார்ஜ் செய்துவிட்டார். எங்கேயோ பிடித்த பழைய பெரிய மிஷின். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு ஃபேன். ஓடவிட்டால் ரைஸ்மில் தோற்றது. என் அறைத் தரை அதிர்ந்து, தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

அன்றைக்கே ஒரு ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். “தம்பி, உன் நோடுல இருக்கறதை இதுல ஒரு காப்பி போடு.”

“அண்ணே, அப்படிச் செய்யக் கூடாது. அவங்கவங்களே முதல்லருந்து சரிபாத்து எடுக்கணும். அடுத்தவனை நம்பாதங்கறதுதான் இதோட தத்துவமே.”

“நீ சரிபாத்துட்டேல்ல?”

“பாத்துட்டேன்.”

“தாசில்தார் ஒரிஜினல்ல கையெழுத்துப் போட்டாருன்னா, ஜெராக்ஸுக்குன்னு தனியா இன்னொரு விசாரணை வைப்பாரா? போடுப்பா.”

போட்டுக் கொடுத்தேன். போகிற போக்கில் என் மைனரின் செட்டிங்ஸ் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். “மேல இருக்கிற நோடு நம்பரை மட்டும் உங்களோடதுக்கு மாத்திக்கங்க” என்று எரிச்சலோடு சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. அவர் மிஷின் பின்பக்கமாக அனல் காற்றை ஊதியது. அண்ணன் அந்தக் காற்றுக்கு எதிரே ஒரு கம்பி அலமாரியை வைத்து, பேப்பர் கட்டுகளைப் பிரித்து அடுக்கினார். மழைக்காலம் முழுக்க மற்ற கடைகளில் பேப்பர் நமத்துச் சிக்க, இவர் கடையில் மட்டும் தாள் மொறுமொறுவென்று ஓடியது. கூட்டம் இரண்டு மடங்கானது. சாரலில் நனைந்து வந்தவர்கள் சுடச்சுட வந்த வாரிசுச் சான்றிதழைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள்.

“என்னண்ணே இது, இம்புட்டுச் சூடா இருக்கு?” என்று ஓர் அக்கா கேட்டார்.

“பிட்காயின் காத்து, ஆத்தா. உடம்புக்கு நல்லது.”

அந்த அக்கா மறுநாள் கூழ் வடகத்தோடு வந்தார்.

அதுவரை என் மைனரைப் பார்க்க மாடி ஏறி வந்தவர் மீட்டர் கணக்கெடுக்கிறவர் மட்டும்தான்.

இன்னொரு விஷயம். மைனரின் திரையில் ‘பெஸ்ட்’ என்று ஒரு எண் இருக்கும். இதுவரை ஊகித்ததில் சரியான விடைக்கு எவ்வளவு கிட்டே போனோம் என்பதற்கு அளவு அது. அவருடையது பெரிய மிஷின் என்பதால் அவர் பெஸ்ட் எப்போதும் என்னுடையதைவிடப் பெரிது. அதை அவர் தினமும் காலையில் கடை வாசல் கரும்பலகையில், கலர் பிரிண்ட் விலைக்குக் கீழே சாக்பீஸால் எழுதிவைப்பார். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘மாடி’ என்று போட்டு, என்னிடமே கேட்டு வாங்கி, என் எண்ணையும் எழுதுவார். படியிறங்குகிற எனக்குத் தினமும் ரேங்க் கார்டு.

அவரை முந்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அப்டேட். மைனருக்குப் புது மென்பொருள் வந்த அன்றே ஏற்றுவேன். திரை கறுப்பாகும். கேபிளை மாற்றி, பழைய மென்பொருளை மறுபடி ஏற்றி உயிர் கொடுப்பேன். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவேன், சூடேறித் தானாக நின்றுகொள்ளும். நோடை அப்டேட் செய்வேன். நடுவில் கரண்ட் போகும். அது கணக்கை முதலிலிருந்து படிக்கத் தொடங்கும். மொத்தத்தில் என் மிஷின் ஓடிய நேரத்தைவிட நான் அதற்கு வைத்தியம் பார்த்த நேரம் அதிகம். கீழே அவருடையது ஒரு நாளும் அப்டேட் பார்க்காமல் உறுமிக்கொண்டிருந்தது. கேட்டால், “ஓடுதுல்ல? கையைக் கட்டிக்கிட்டு நில்லு” என்பார்.

இப்படி இருக்கையில்தான் கம்பம் போகிற வழியில் இருக்கிற ஒரு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை என்னைத் தேடி வந்தார். மாணவர்களின் கண்காட்சியில் பிட்காயின் மைனரையும் நோடையும் ஓட்டிக் காட்டிப் பேச ஆள் வேண்டுமாம். இப்படி யாராவது வந்து கேட்பார்கள் என்று நான் மாதக் கணக்கில் ஸ்லைடுகள் தயாரித்து வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் வேறெதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

“மிஷினைக் கொஞ்சம் பாக்கலாமா தம்பி?”

திரும்பிப் பார்த்தேன். என் மிஷின் அப்டேட்டின் நடுவில் கறுப்பாகச் செத்துக் கிடந்தது.

“இதோ வந்துரும் மேடம்.”

கால் மணி நேரம் பார்த்தார். தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. “கீழ என்ன சத்தம்?” என்று கேட்டு இறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று மாலை கரும்பலகையில் ‘கல்லூரி அழைப்பின்பேரில் வெள்ளிக்கிழமை கடை விடுமுறை’ என்று எழுதியிருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மாடிப்படியில் காலடிச் சத்தம். ஜெராக்ஸ் அண்ணன். முகத்தில் ரத்தமில்லை.

“தம்பி, மிஷின் கத்துது. ஆனா நம்பர் நகர மாட்டேங்குது.”

பொய் சொல்ல மாட்டேன், வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஸ்லைடுகள் என் லேப்டாப்பில் தயாராக இருந்தன. இருந்தாலும் இறங்கிப் போனேன். என்ன கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

மைனருக்கு ஒன்றுமில்லை. அதற்கு வேலை கொடுக்கிற நோடு நின்றிருந்தது. அதன் பதிவைத் திறந்தால் கடைசி வரியில் காரணம்: டிஸ்க்கில் இடமில்லை. அவ்வளவு இடமும் எப்படித் தீர்ந்தது என்று உள்ளே போய்ப் பார்த்தேன். நோடின் டிஸ்க்கில் அண்ணன் கடை மொத்தத்தையும் குடிவைத்திருந்தார். ஆதார், பட்டா, ஜாதகம், காதுகுத்து பிளெக்ஸ், பூப்புனித நீராட்டு விழா பிளெக்ஸ்.

“அண்ணே, இதையெல்லாம் அழிங்க.”

“அழிக்கறதா? நாளைக்கு வந்து கேட்டாகன்னா?”

“இந்தத் தாத்தாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரே அடிச்சாச்சு. அவரு வந்து கேப்பாரா?”

“வருசா வருசம் நினைவு நாள் வருமில்லடா.”

“சரி, பிட்காயின் கணக்குல பழைய பக்கங்களை வெட்டி எறிஞ்சுட்டு கடைசிக் கொஞ்சத்தை மட்டும் வச்சுக்கற மாதிரி மாத்தலாம். நோடு ஓடும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவர் குலதெய்வத்தைப் பழித்துவிட்டேன். “பாதி ஜெராக்ஸ் எடுக்கற கடைன்னு பேரு வாங்கவா இத்தனை வருசம் உக்காந்திருக்கேன்?”

வேறு வழியில்லை. எனக்கென்று வாங்கி இன்னும் உறை பிரிக்காத புது டிஸ்க்கை மாடியிலிருந்து கொண்டுவந்தேன். காதுகுத்து, அஞ்சலி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். அப்படியே நோடையும் அப்டேட் செய்துவிடுகிறேன் என்றபோது, பல் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நோடு எழுந்து விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. மைனருக்கு வேலை போகிறதா என்று பார்க்க அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன்.

பரிசு விழுந்தால் யாருக்குப் போக வேண்டும் என்கிற முகவரிக் கட்டத்தில் நீளமாக ஒரு எழுத்துச் சரம். அதன் வால் எனக்கு என் செல் நம்பர் மாதிரி மனப்பாடம். அது என் முகவரி.

படம் எடுத்ததை அப்படியே அடித்திருக்கிறார். இத்தனை மாதமாகத் தரையை அதிரவைத்து, என் தூக்கத்தைக் கெடுத்து, பலகையில் என்னைத் தினமும் தோற்கடித்த மிஷின், எனக்காகத்தான் ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பேசாமல் மூடிவைத்திருக்கலாம். அந்த யோசனை வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது. அவர் தப்புச் செய்துவிட்டார் என்று அவரிடமே சொல்கிற சுகத்தை யாரால் விட முடியும்?

“அண்ணே, இது என் அட்ரஸ். விழுந்திருந்தா எனக்கு வந்திருக்கும். உங்களுக்கு ஒண்ணும் கெடையாது.”

அவர் திரையருகே குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“எழுத்து ஏதாச்சும் பிசகியிருக்கா?”

“இல்லண்ணே.”

“பூஜ்யம், எட்டு, சின்ன எழுத்து, எல்லாம்?”

“எல்லாம் சரியா இருக்குண்ணே.”

“இம்புட்டு நீளத்துக்கு,” என்று நிமிர்ந்தார். ரத்தம் முகத்துக்குத் திரும்பியிருந்தது. “பாத்தியா?”

முகவரியை மாற்றவா என்று கேட்டேன். கூடாது என்றுவிட்டார். ஓடுகிற மிஷினில் கைவைக்கக் கூடாதாம். “நீதான் உன் மிஷினை எப்பயும் நோண்டிக்கிட்டே இருக்கியே, அதுல என் அட்ரஸைப் போட்டுக்க. கணக்குச் சரியாப் போச்சு.”

“உங்களுக்கு நட்டம்ணே. என்னோடது உங்க மிஷின் முன்னால தூசி.”

“தூசியா இருந்தா என்ன. நீ பக்கத்துல இருந்து பாக்கற மிஷினாச்சே.”

நான் கேபிளைச் சுருட்டினேன்.

வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோவில் மிஷினைக் கட்டிக்கொண்டு, திராட்சைப் பந்தல்களைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனோம். மேடையில் மைக்கைப் பிடித்தவர், “இது என்ன செய்யும்னு எனக்கு முழுசாத் தெரியாது. தெரிஞ்சவர் அங்கன நிக்கிறார், அவரைக் கேளுங்க” என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். நான் பேசினேன். ஸ்லைடு அத்தனையும் காட்டினேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். ஏன் இவ்வளவு அமைதி என்று பார்த்தால் பாதிப் பேர் பின்னால் மிஷினைச் சுற்றி நிற்கிறார்கள். அண்ணன் அனல் காற்றில் காட்டிய வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியையும் வரிசையில் நின்றார்.

எனக்கு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. ஆனால் இப்போது கீழே உறுமல் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் ஓடுகிறவன் நான்தான். மாடியில் என் குட்டி மிஷின் அவர் முகவரிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நான் இப்போதெல்லாம் கண்டபடி அப்டேட் போடுவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதன் ஃபேனைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டிப் பார்க்கப் போகிறேன். சூடு குறைந்தால் வேகத்தைக் கூட்டலாம். அப்படியே ஒரு நாள், எந்தக் கணக்கிலும் வராமல், அதற்கு விழுந்து தொலைத்தால் அவருக்கே விழட்டும்.