ஐந்து பாகமும் ஒரு பாகப்பிரிவினையும்

எதை முதலில் ஆடுவது, எதைப் பிறகு ஆடுவது என்று தெரியாத மூடர்கள் வீடியோ கேமில் கை வைக்கவே கூடாது. அந்த மூடர்களுக்குத் தலைவன் என் மைத்துனன்.

'சாம்பல் கிரீடம்' ஐந்து பாகத்தையும் ஒரேயடியாக வாங்கி வந்தேன். ஐந்திலும் ஒரே கேள்விதான்: ராஜாவைக் கொன்றது யார்? ஆனால் முதல் பாகத்தில் பேரனே கிழவன். தாத்தா பிறப்பதோ மூன்றாம் பாகத்தில்!

"வெளிவந்த வரிசையிலதான் ஆடணும் மாமா" என்றான் மைத்துனன்.

"கதை நடந்த வரிசைடா! உன்னை விட்டா மகனுக்குப் பேரு வெச்சுட்டு, அப்புறம் அப்பனுக்குப் பொண்ணு பார்ப்பே."

"உங்க வரிசையில ஆடினா மர்மமே போயிடும்."

"உனக்கு மூளை இருக்காங்கிறதே ஒரு மர்மம்தான்."

ஐந்து பாகத்துக்காக எங்களுக்குள் பாகப்பிரிவினையே நடந்துவிடும் போலிருந்தது. சத்தம் கேட்டு மனைவி வந்தாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. மதியத்துக்கு மேல் போனால் போதும்.

"நீயே சொல்லு" என்றேன், பெரிய மனது பண்ணி.

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க விஷயம் தெரிஞ்சவங்க. அவசரப்படாம அலசி முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் அதைத் தொடக்கூடாது."

அறியாதவளானாலும் அடக்கம் தெரிந்தவள் என்று பூரித்துப் போனேன்.

லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்ப்பது என் உத்தியோகம். வேலை நேரமெல்லாம் போனில் மைத்துனனின் வாதத்தில் பழுது பார்த்தேன். பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் மணியடித்தார்கள். அடிக்கட்டும். நின்றால்தானே அவர்களுக்கும் நிதானம் வரும்?

இரண்டு மாதம் கழித்து ஒருவழியாக மைத்துனன் கும்பிடு போட்டான். "நீங்க சொல்றதே சரி மாமா. ஆளை விடுங்க."

வெற்றி! மார்பை நிமிர்த்தி உட்கார்ந்து மூன்றாம் பாகத்தைப் போட்டேன். 'ஆட்டம் முடிந்தது' என்றது திரை. மற்ற நாலையும் போட்டுப் பார்த்தேன். நாலும் முடிந்திருந்தன.

"யாருடி இதைத் தொட்டது?"

"நான்தாங்க. காலையில சும்மாதானே இருக்கேன்."

"தொடக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"உங்க ரெண்டு பேரைத்தானே சொன்னேன்?"

"எந்த வரிசையில ஆடினே?"

"கடைசி பாகத்துலேருந்து முதல் பாகத்துக்கு. யாரு சாவாங்கன்னு முதல்லயே தெரிஞ்சா பதட்டமில்லாம ஆடலாம் பாருங்க."

"அட கடவுளே! முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு இல்லையா? இப்படி ஆடினவங்களுக்குக் கதையில ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது!"

"புரியாம என்னங்க? ராஜாவைக் கொன்னது ராணி. மச்சினன்கூட வாய்ச்சண்டை போடுற மும்முரத்துல, அந்த மனுஷன் கவனிக்கவே இல்ல."